காரணம் என்ற கடைசிக் கட்டம்

1 மார்ச் 1983, செவ்வாய்

காலை முழுவதும் மூடுபனி. கொடிக்கம்பத்தின் உச்சி தெரியவில்லை. வானொலி மணியோசைக்குக் கைக்கடிகாரத்தைத் திருத்தினேன். அரை நிமிடம் பின்தங்கியிருந்தது. 7.45க்குக் கேட் பூட்டப்பட்டது. வருகை: 61க்கு 60.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து தபால். மலாயில் இரண்டு பக்கம். இருமுறை படித்தேன். சாரம்:

— தோட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் நால்வரைக் கொண்டு ஒரு ‘தலைமைக் குழு’.
— ஒவ்வொரு பள்ளியும் பிப்ரவரி மாத அன்றாட வருகையைத் தர வேண்டும்.
— எண்களை ஒப்பிட்டு, குறை எங்கே என்று குழுவே கண்டறிய வேண்டும்.
— நான்கு பள்ளிகளின் எண்களையும் தொகுத்து, ‘விதிப்படி எடுக்கப்பட்டவை, சரிபார்த்தேன்’ என்று கையெழுத்திட வேண்டியவர் நான்.

ஏன் நான்? கணக்குச் சுத்தமாக இருக்கும் என்பதாலா, பின்னால் பழி சொல்ல ஒரு பெயர் தேவை என்பதாலா?

கடைசிப் பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி: அருகருகே உள்ள பள்ளிகளை இணைப்பது குறித்து, எண்களின் அடிப்படையில் பின்னர் பரிசீலிக்கப்படும். கடிதத்தின் பொருளே இந்த வரிதான், மற்றவை உறை. அருகருகே இருப்பவை இரண்டே: நம் பள்ளி, ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பள்ளி. ஒரே நிர்வாகம், ஒரே லோரி, இரண்டு பள்ளிகள். ஒன்றைப் பூட்டுவார்கள். நம்முடையதானால், ஆறு வயதுப் பிள்ளைகள் மழையில் லோரியின் பின்பக்கம் நின்றபடி ஏழாங்கட்டை போக வேண்டும்.

வாங்க வேண்டியவை: டைப்ரைட்டர் ரிப்பன், கட்டம் போட்ட தாள், கமலத்துக்குத் தலைவலித் தைலம்.

4 மார்ச், வெள்ளி

தானா ராத்தா நகரில் குழுவின் முதல் கூட்டம். பள்ளியைத் துணையாசிரியரிடம் விட்டுச் சென்றேன். 9 மணி என்று அறிவிப்பு. 9க்கு இருந்தது நானும் நாற்காலிகளும். மாவட்டக் கல்வி அதிகாரி 9.10. மற்றவர்கள் 9.25.

அதிகாரி இளைஞர். வெளிநாட்டுப் பயிற்சியிலிருந்து புதிதாகத் திரும்பியவர். சுவரில் வரைபடம் ஒட்டிப் பேசினார். “எண்கள் யாரையும் குற்றம் சொல்வதற்கு அல்ல. நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்கு.” குற்றம் சொல்லப் போகிறவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாள்கள் கைமாறின. பிப்ரவரியில் எல்லாப் பள்ளிகளிலும் சில நாட்கள் வருகை சரிகிறது. நம்மிடம் 61, ஐம்பதுக்கு இறங்குகிறது. கீழ்த் தோட்டத்து மாரிமுத்துவிடம் அதைவிட மோசம். ஏழாங்கட்டைத் தலைமையாசிரியை திருமதி இராஜத்தின் தாளில் மட்டும் சரிவே இல்லை. 45 பிள்ளைகள், 44, 45, 44, 45. மாதம் முழுக்க ஒரே கோடு.

மாரிமுத்து எட்டிப் பார்த்தார்.

“என்னா டீச்சர், உங்க தோட்டத்துல சளி காய்ச்சலே வர்றதில்லையா?”

“வரும் சார். மூக்க ஒழுக்கிக்கிட்டே வந்துருவாங்க.”

“எங்களுக்கும் அந்த மந்திரத்தச் சொல்லிக் குடுங்க லா. வேலாயுதம் சாரு பாருங்க, கடிகாரத்துக்கே அட்டெண்டன்ஸ் எடுக்குறவரு. அவருக்கே அம்பதுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் கேட்டேன்: “பதிவு எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள், அம்மா?” அவர் தாளை மடித்தபடி, “காலைலதான் சார்” என்றார்.

காலையில்தான். இது பதிலா?

பஸ்ஸில் திரும்பும்போது மழை. சன்னல் மூடவில்லை. இடது தோள் நனைந்தது.

6 மார்ச், ஞாயிறு

வெயில். கமலம் கம்பளிகளைக் காயப்போட்டாள். நான் நான்கு பள்ளிகளின் கோடுகளையும் நான்கு நிற மையில் ஒரே தாளில் வரைந்தேன். பிப்ரவரி 2, 10, 18, 25 ஆகிய நான்கு நாட்களிலும் நம் கோடும் மற்ற இரு கோடுகளும் சேர்ந்தே இறங்குகின்றன. பச்சை மட்டும் அசையவில்லை. பச்சை, இராஜம்.

உண்மையான எண் சற்று நடுங்கும். மனிதனின் கையெழுத்தைப் போல. நடுங்காத எண்ணை எனக்குத் தெரியும். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பரீட்சைத்தாள் திருத்துகிறேன்.

கமலம் பின்னால் வந்து பார்த்தாள்.

“கோலம் மாதிரி இருக்கு. இது என்னாங்க?”

“பள்ளி வருகை.”

“ஞாயித்துக்கெழமகூடவா புள்ளைங்கள எண்ணணும்?”

7 மார்ச், திங்கள்

மாலை தோட்ட ஆபீஸ். கணக்கெழுதும் கிராணி சாமிநாதனிடம் பிப்ரவரித் தேயிலைக் கொழுந்து ஏட்டைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். பள்ளிக் காரியம் என்றேன். ஐயத்தோடுதான் கொடுத்தார், நானாக இருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பேன்.

2, 10, 18, 25: நான்குமே தூரத்து மலையில் கொழுந்தெடுத்த நாட்கள். காலைப் பெரட்டில் பேர் கொடுத்து முடிந்ததும் பெண்களை லோரியில் ஏற்றி மேலே கொண்டுபோகும் நாட்கள். தாய் அருகில் இல்லை. பிள்ளைகள் ஊர் சுற்றுகின்றன. நான் எண்ணியிருந்ததுதான். அதே நாட்களில் ஏழாங்கட்டைப் பெண்களும் அதே மலைக்கு, அதே லோரியில். அங்கே மட்டும் பிள்ளைகள் குறைவதில்லையாம்.

ஐயத்துக்கு இனி இடமில்லை. எண்களை அந்த அம்மாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பள்ளிகளை இணைக்கும்போது எது நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டவர். கெட்டிக்காரி.

8 மார்ச், செவ்வாய்

காலை 11 பாகை. விரல் விறைத்தது. பள்ளி முடிந்ததும் அதிகாரிக்குக் கடிதம் டைப் செய்தேன். ஏழாங்கட்டை எண்களைச் சரிபார்த்ததாகக் கையெழுத்திட இயலாது, அவை நம்பத் தக்கவை அல்ல எனக் கருதக் காரணங்கள் உள்ளன, விசாரணை தேவை. வரைபடம் இணைப்பு. கார்பன் நகல் ஒன்று. 3.40க்குத் தபாலில் சேர்த்தேன்.

கடிதம் வேலை செய்தால் அவருக்கு இடமாற்றம், அல்லது அதைவிடக் கடுமையாக ஏதேனும். விதியை மீறியவர் விதியைச் சந்திக்க வேண்டும்.

10 மார்ச், வியாழன்

தூரத்து மலை நாள் என்று கிராணி சொன்னார். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கண்ணால் பார்த்த சான்றும் கோப்பில் இருக்கட்டும்.

முதல் பஸ். ஏழாங்கட்டையில் 7.25. பள்ளிக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் மறைவில் நின்றேன். குறித்தவை:

7.45 — மணி அடிக்கவில்லை. கேட் திறந்தபடி. பிள்ளைகள் 36.
7.55 — பதிவேடு திறக்கப்படவில்லை. வாய்ப்பாடு சொல்கிறார்கள்.
8.05 — பெரிய பெண் பிள்ளைகள் மூவர், இடுப்பில் கைக்குழந்தைகளோடு. பள்ளிக்குள் கைக்குழந்தைகள்!
8.10 — மேலும் ஐவர். குழந்தைகள் ஐந்து. பாயில் உட்கார்த்திவிட்டு, அவர்களும் வாய்ப்பாடு.

விதிமீறல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவதை எழுதும்போது வராந்தாவிலிருந்து குரல்:

“வேலாயுதம் சார்! அந்தத் தொட்டிக்குப் பின்னால அட்டை நெறைய. உள்ள வாங்க, தேத்தண்ணி சூடா இருக்கு.”

காலுறைக்குள் இரண்டு அட்டைகள். அந்த அம்மாளே உப்புக் கொண்டுவந்து கொடுத்தார். இதைவிட அவமானமான நிலையில் நான் யாரையும் விசாரித்ததில்லை.

“பதிவு எப்போது, அம்மா?”

“லோரி ஆர்ன் அடிச்சப்புறம்.”

“விதி ஏழே முக்கால்.”

“ஏழே முக்காலுக்குப் பாலு வர்லியே சார்.”

புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பொறுமையாகச் சொன்னார். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்குப் பால் கொண்டு வருவது அதே லோரி. மற்ற நாட்களில் ஆறரைக்கு வந்துவிடும். தூரத்து மலை நாளில் முதலில் பெண்களை மேலே ஏற்றிக்கொண்டு போகிறது. திரும்பி வந்து பால் இறக்க எட்டரை ஆகிறது. பால் வராமல் ஆயா கைக்குழந்தையை வாங்குவதில்லை. தாயோ மலையில். குழந்தை யார் கையில் இருக்கும்? அக்காள் கையில். பாலில்லாத வீட்டில் அதை வைத்துக்கொண்டு உட்கார்வதை விட இங்கே கொண்டுவா என்று சொல்லிவிட்டார்.

8.33க்கு ஆர்ன். எட்டுப் பெண்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 8.45க்குள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 8.50க்குப் பதிவு. நானே தலைகளை எண்ணினேன், இருமுறை. 44. அவர் எழுதியது 44.

“ஒங்க தோட்டத்துக்கும் அதே லோரிதானே சார். ஒங்களுக்குத் தெரியாததா?”

தெரியும் என்பதுபோல் தலையசைத்தேன். தெரியாது.

கடிதம் செவ்வாயன்றே போய்விட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

11 மார்ச், வெள்ளி

மழை. நம் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். வராதவருக்குச் சிவப்புச் சுழி. கடைசிக் கட்டத்தில் காரணம். தூரத்து மலை நாட்களின் சுழிகள் எப்போதும் அதே பதினொரு பெயர்களுக்கு: பெண்கள் ஏழு, ஆண்கள் நான்கு. காரணம் என்ற கட்டத்தில், என் கையெழுத்தில்: ‘பெற்றோர் அலட்சியம்’. அதற்குக் கீழே ‘மேற்படி’. அதற்குக் கீழே ‘மேற்படி’. பக்கம் பக்கமாக மேற்படி. சென்ற ஆண்டும். அதற்கு முந்திய ஆண்டும்.

ஒருவரையும் கேட்டு எழுதியதல்ல.

சாப்பிடும்போது கமலத்திடம் பால் விவரத்தைச் சொன்னேன்.

“தெரியுமே.”

“உனக்கா?”

“லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும். போன வருசமே ஒங்ககிட்ட சொன்னேனே. ‘விதி’ன்னீங்க.”

அவள் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இப்போது கட்டிச் சொல்கிறாளோ என்று தோன்றியது. சென்ற ஆண்டு நாட்குறிப்பைப் புரட்டினேன். ஆகஸ்ட் 19: ‘க. பால், லோரி என்று ஏதோ சொன்னாள். முட்டைக்கோசுப் பொரியல் நன்று.’

12 மார்ச், சனி

ஆயாக் கொட்டகைக்குப் போனேன். இருபது ஆண்டுகளில் முதல் தடவை. ஆயா பாக்கியம், வயது அறுபது இருக்கும், வாசலை விட்டு நகரவில்லை.

“பாலு வராம புள்ளைய வாங்குனா பசியில கத்தும். மயக்கம் போட்டா யாரு பதில் சொல்றது? தொர எழுதிக் குடுத்த சட்டம் சார். ஒரு நிமிசம் முன்ன பின்ன வாங்க மாட்டேன்.”

என்னிடம் நானே பேசுவதுபோல் இருந்தது.

ஆறாம் வகுப்புச் சாந்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தாள். அந்தப் பதினொரு பெயர்களில் முதல் பெயர். பால் இறங்கியபின் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று கேட்டேன். ஆயாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

“கேட்டு பூட்டிருக்கும் சார். மொதல்ல ரெண்டு மூணு தடவ வந்து பாத்தோம். மழைல நின்னுட்டுத் திரும்புறதுக்கு வூட்லயே இருன்னு ஆத்தா சொல்லிருச்சு.”

“ஏன் தட்டவில்லை?”

“தட்டுனா பேரு எழுதுவீங்க.”

பூட்டின் எடையைச் சட்டைப்பையில் உணர்ந்தேன். சனிக்கிழமையில் அதை ஏன் எடுத்துக்கொண்டு போனேன்? பழக்கம்.

13 மார்ச், ஞாயிறு

இரண்டாம் கடிதம். முதல் வரைவில் ‘சூழ்நிலை காரணமாக’ என்று எழுதி, கிழித்தேன். இரண்டாவதில் ‘தகவல் குறைபாடு’, கிழித்தேன். மூன்றாவது: ஏழாங்கட்டை எண்கள் உண்மை. என் எண்கள் விதிப்படி உள்ளன. ஆனால் அவை பிள்ளைகள் பள்ளிக்கு வர விரும்பியதைக் காட்டவில்லை, என் கேட் பூட்டிய நேரத்தைக் காட்டுகின்றன. செவ்வாய்க் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

கமலம் தோளுக்கு மேலே பார்த்தாள். மலாய் அவளுக்கு வாசிக்க வராது. “சின்னதா இருக்கே” என்றாள்.

கையெழுத்திட்டபின் தோன்றியது: நம் பள்ளியைப் பூட்டுவதற்குத் தேவையான சான்று இதுவரை அவர்களிடம் இல்லை. இப்போது என் கையெழுத்தோடு இருக்கிறது.

15 மார்ச், செவ்வாய்

தபாலை நம்பவில்லை. நேற்று நேரிலேயே கொடுத்தேன். இன்று அழைப்பு.

அதிகாரி இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்திருந்தார்.

“இதில் அந்த அம்மையார் பொய் சொல்கிறார். இதில் நீங்கள் தவறு செய்கிறீர்கள். ஐந்து நாள் இடைவெளி. நான் எதை நம்புவது?”

“இரண்டாவதை.”

“முதலாவதும் இதே உறுதியோடுதான் இருக்கிறது.”

உண்மைதான்.

நம் பள்ளிக்கு வருவதாகச் சொன்னார். எந்த நாள் என்று சொல்ல மாட்டார். தூரத்து மலை நாளை அவரே விசாரித்துக்கொள்வார். அதைப் பார்த்தபின், மாதக் கடைசியில் இணைப்பு பற்றிய குறிப்பை எழுதுவாராம்.

ஆக: அன்றைக்குக் கேட்டைப் பூட்டினால் பிள்ளைகள் வரமாட்டார்கள், என் இரண்டாம் கடிதம் பொய்யாகும். பூட்டாவிட்டால் அதிகாரியின் கண்ணெதிரே விதிமீறல். பொறியா, நியாயமா? இரண்டுக்கும் ஒரே முகம்.

பஸ் நிலையத்தில் மாரிமுத்து. செய்தி எனக்கு முன்னே போயிருக்கிறது.

“என்னா சார், ஒங்க மேல நீங்களே பெட்டிசன் போட்டுக்கிட்டீங்களாமே? சர்வீஸ்ல நான் இப்படிக் கேள்விப்பட்டதே இல்ல லா.”

“எண்கள் தவறு.”

“எண்ணு சரிதான் சார். ஆளுதான் தப்பு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எங்க ஆயாவும் பால் வராம வாங்குறதில்ல. நேத்துதான் கேட்டேன்” என்றார்.

17 மார்ச், வியாழன்

கிராணி: நாளை தூரத்து மலை.

காலைக் கூட்டத்தில் அறிவித்தேன். நாளை கேட் பூட்டப்படாது. தம்பி தங்கையோடு வரலாம். பால் லோரி வந்தபின்தான் பதிவு. யார் பெயரும் எழுதப்படாது. 61 பேரும் நின்றிருந்தார்கள். ஒரு கை உயரவில்லை, ஒரு சிரிப்பு இல்லை. ஊசி போட வந்த டிரஸ்ஸரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

பாய் நான்கு, கமலத்திடமிருந்து. ஒன்றில் எலி கடித்த ஓட்டை.

18 மார்ச், வெள்ளி

தூறல். வானொலி மணிக்குக் கடிகாரத்தைத் திருத்தினேன். ஏன் என்று தெரியவில்லை.

7.45 — பூட்டு கையில். கேட் திறந்தபடி. உள்ளே 50.
7.52 — அதிகாரியின் கார். வணக்கம் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு கேட்டருகே நின்றார்.
8.10 — யாரும் இல்லை. பாய்கள் வெறுமையாக.
8.20 — யாரும் இல்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.
8.34 — ஆர்ன்.
8.41 — கீழே, வளைவில், மதகின் அருகே தலைகள். பத்து. குழந்தைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மேலே ஏறவில்லை. நின்று பார்க்கிறார்கள்.

“ஏன் அங்கேயே நிற்கிறார்கள்?” அதிகாரி.

“என்னை நம்பவில்லை.”

கூப்பிட்டேன். “சாந்தி! மேலே வாம்மா.”

கீழிருந்து குரல்: “பேரு எழுதவா சார்?”

கைகாட்டினால் வருவார்களா என்று பார்த்தேன். வரவில்லை. இறங்கினேன். படியெல்லாம் பாசி. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பூட்டு. பாதியில் வழுக்கி, மூட்டு அடிபட்டது. யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதகை அடைந்ததும் பூட்டைச் சாந்தியிடம் நீட்டினேன்.

“இத ஏன் சார் எங்கிட்ட குடுக்குறீங்க?”

“ஏறும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.”

சாந்தி பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாவித் துவாரத்துக்குள் ஊதினாள். “கனமா இருக்கு” என்று பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம். அப்படியே கைமாறிக்கொண்டு மேலே ஏறினார்கள். நான் கடைசியில்.

8.52 — பதிவு. 60. ஒவ்வொரு வகுப்பாக அதிகாரியே எண்ணிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எனக்குக் காட்டவில்லை. புறப்படும்போது, அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பள்ளிகளின் பதிவேடுகளோடு லோரி அட்டவணையும் வேண்டும், தோட்டத் துரையையும் அழைக்கப் போகிறேன் என்றார். இணைப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லதாகத்தான் படுகிறது. அதனாலேயே யோசனையாக இருக்கிறது.

பூட்டு எந்த வகுப்பில் இருக்கிறது என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

சிவப்புச் சுழி ஒன்று: லெட்சுமி, ஐந்தாம் வகுப்பு. பதினொன்றில் வராத ஒருத்தி. கடைசிக் கட்டத்தில் ‘மே’ வரை எழுதிவிட்டேன். அடித்தேன். பதிவேட்டில் என் முதல் அடித்தல். பள்ளி விட்டதும் லயத்துக்குப் போய், அவளையே கேட்டுக் காரணம் எழுத வேண்டும்.